இரண்டாம் கிடங்கின் மூட்டைகள்

தஞ்சாவூரில் விதைநெல் விற்கும் ஒரு நிறுவனத்தில் அருள்மேரிக்குப் பதினொரு வருட வேலை. இணையதளம் முழுக்க அவள் கையில்தான் இருந்தது. காலையில் வந்ததும் கிடங்குக் கணினியைத் திறந்து, எந்த ரகத்தில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று பார்ப்பாள். அதை ஒவ்வொன்றாக இணையதளத்தில் தட்டச்சு செய்வாள். யாராவது எதையாவது கேட்டால் முதலாளி வேதநாயகம், "வெப்சைட்டா? மேரியைக் கேளுங்க" என்பார். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும்.

ஆனி மாதம் சுடர்விழி வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்தாறு. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிவேலை பார்த்த வீட்டிலிருந்து பொறியியல் படித்து வந்தவள்.

"இனிமே நீங்க எதையும் தட்ட வேணாங்க்கா. கிடங்குல ஒரு மூட்டை குறைஞ்சா, வெப்சைட் கிடங்குக் கம்ப்யூட்டர்கிட்ட தானாவே கேட்டு வாங்கிக்கும். ஆர்டர் வந்தா லாரி செக்‌ஷனுக்கும் தானாவே போயிடும். அப்படி ஒண்ணுகிட்ட ஒண்ணு பேசிக்கிற வழிதான் ஏ.பி.ஐ." என்றாள்.

"அப்ப நான் என்ன செய்யறது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள் அருள்மேரி. சுடர்விழியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அருள்மேரியால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பின் எல்லாமே கண்ணில் உறுத்தியது. தேநீர் முதலில் சுடர்விழியின் மேசைக்குப் போனது. வேதநாயகம் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஏதோ புரிந்தவர்போலத் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டில் மகள் ஜாஸ்லின்கூட, "அந்த அக்காகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போயேன்மா" என்றாள். ஒருநாள் மதியம் சுடர்விழி வேலையில் மூழ்கிக் கிடந்தபோது, அருள்மேரி அவளைக் கூப்பிடாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பதினொரு வருடத்தில் யாரையும் விட்டுவிட்டு அவள் டப்பாவைத் திறந்ததில்லை.

ஆடிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை இணைப்பு ஓடத் தொடங்கியது. வேதநாயகம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அருள்மேரி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இணையதளத்தைப் பார்த்தாள். ஒரு சம்பா ரகத்துக்கு நேராக, முந்நூற்று நாற்பது மூட்டை கையிருப்பு என்று இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அதில் நூற்றிருபது மூட்டை இரண்டாம் கிடங்கில் கிடப்பவை. முளைப்புத் திறன் சோதனையில் தேறாதவை. கிடங்குக் கணினியில் அதற்கென்று எந்தக் குறியும் இல்லை. தினமும் தட்டும்போது மனதுக்குள்ளேயே கழித்துவிட்டு மீதியைப் போடுவது அவள் வழக்கம். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இப்போதும் சொல்லவில்லை. அந்த லட்டு அன்றைக்கு அவளுக்கு ரொம்பவே இனித்தது.

செவ்வாய் போயிற்று. புதன் காலை திருத்துறைப்பூண்டியிலிருந்து வீரையன் என்ற விவசாயி போன் செய்தார்.

"சம்பா விதை பன்னெண்டு மூட்டை ஆர்டர் போட்டிருக்கேம்மா. இரண்டாம் கிடங்குலேருந்து மத்தியானம் லாரியில ஏறுதுன்னு மெசேஜ் வந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நாத்தங்காலும் தயார். நாளைக்கு ஊறப்போட்டுடலாம்ல?"

"கொஞ்சம் பொறுங்கய்யா. நானே கூப்பிடுறேன்."

போனை வைத்தாள். சுடர்விழி தோற்பதைத்தான் அவள் ஆசையாக நினைத்துப் பார்த்திருந்தாள். முளைக்காத நாற்றங்காலின் ஓரத்தில் ஒருவர் நிற்பது அந்த நினைப்பில் இல்லவே இல்லை.

எழுந்து போய்ச் சுடர்விழியிடம் சொன்னாள். அவள் முதலில் லாரியை நிறுத்தினாள். பிறகு அந்த ரகத்தை இணையதளத்திலிருந்து எடுத்தாள். நல்லவேளையாக எந்த மூட்டையும் இன்னும் வெளியே போயிருக்கவில்லை. அப்புறம்தான் திரும்பிக் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பலேருந்துக்கா தெரியும்?"

இப்பத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"திங்கக்கெழமையே தெரியும்."

"ஏங்க்கா சொல்லலை?"

"உன் மேல பொறாமைம்மா. வேற என்ன?"

சுடர்விழி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க. இதுமாதிரி மனசுக்குள்ளயே வச்சிருக்கிறதெல்லாம் சொல்லுங்க" என்றாள். அந்தக் குரலில் அன்பு இல்லை; வேலைதான் இருந்தது.

ஒன்பது விஷயங்கள் தேறின. சனிக்கிழமைக்குள் கிடங்குக் கணினியில் 'சோதனை முடிவு' என்று ஒரு புதுக் கட்டம் வந்தது. அதில் அருள்மேரி ஒப்புதல் போட்டால்தான் ஒரு மூட்டையாவது இணையதளத்துக்குப் போகும். வீரையனுக்கு நல்ல மூட்டைகள் வியாழனே போய்ச் சேர்ந்துவிட்டன.

தாமதித்த கதையை அருள்மேரியே முதலாளியிடம் சொன்னாள். அவர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுடர்விழி இன்னும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்; ஆனால் எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்கிறாள். அருள்மேரிக்கு அது வலிக்கிறது. வேதநாயகம் வெளியாட்களிடம் "எங்க சுடர்விழி" என்று பெருமையாகச் சொல்லும்போது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது.