டைட்டஸ் சம்பந்தியின் டிராகன்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? என் மகள் கெசியா ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரனை முதலில் கையில் வாங்கியவன் நான். அது என் சம்பந்தி டைட்டஸுக்குப் பொறுக்கவில்லை.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பல வருஷமாகத் தோல் வெட்டுகிறவர் அவர். ஞாயிறானால் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

"இன்னா சம்பந்தி, எப்ப வந்தாலும் உங்க மடியிலயே இருக்கான்?"

"எங்க வூடாச்சே!"

"மூக்கு எங்க வூட்டு மூக்கு. ஞாபகம் வச்சிக்கோங்க."

ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைச் சர்ச்சுக்கு யார் தூக்கிப் போவது? அதிலும் தகராறு. அவர் மகன் நெல்வின், என் மாப்பிள்ளை, சென்னையில் பழகிய சீட்டு விளையாட்டு ஒன்றை எங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தான்.

"ஆடுங்க. ஜெயிக்கிறவங்க தூக்குங்க" என்றான்.

சீட்டுக்குச் சீட்டு ஒரு மிருகம், ஒரு வீரன். தாக்கும் சீட்டைக் குறுக்கே படுக்க வைக்கவேண்டும். அது களைத்துவிட்டது என்று கணக்கு, எதிராளி திருப்பி அடிக்கும்போது தடுக்க முடியாது. செத்த சீட்டு ஓரத்துக் குவியலுக்குப் போகும். "குவியல்ல வச்சது வச்சதுதான்" என்று சட்டம் போட்டவரே டைட்டஸ்தான். நான் ஏமாற்றுவேனாம்.

ஆட்டம் முடியும் நேரம். என்னிடம் ஒரு ஓநாய், அவரிடம் ஒரு டிராகன். டிராகன் அடித்தால் நான் காலி. அவர் டிராகனைக் குறுக்கே படுக்க வைத்தார். அதே நேரம் என் மடியில் பேரன் சிரித்தான்.

"அவரைப் பாத்தா மட்டும் சிரிக்கிறான் பாரு!" என்று முறைத்தபடியே டிராகனை எடுத்துக் குவியலில் போட்டார்.

கம்பெனியில் பழுதான துண்டைக் குறுக்கே வைத்து, ரிஜெக்ட் பெட்டியில் தள்ளுவது அவர் கைப்பழக்கம்.

"அப்பா, டிராகன் போச்சு!" என்றான் நெல்வின்.

"டேய், அது கை தவறி வுழுந்துச்சு டா!"

"நீங்க போட்ட சட்டம்பா."

டிராகனின் அடி விழவில்லை. என் ஓநாயைத் தடுக்க அவரிடம் வேறு சீட்டும் இல்லை. என் ஓநாய் ஜெயித்தது.

அடுத்த ஞாயிறு நான்தான் பேரனைத் தூக்கிப் போனேன். டைட்டஸ் பின்னால் குடை பிடித்து வந்தார். ஞானஸ்நானம் முடிந்தது. சர்ச் வாசலில் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க."

"பந்தயம் இன்னா ஆச்சு?"

"வர்றப்ப நீங்க தூக்கினீங்க. நீங்க படுத்த சீட்டு சம்பந்தி. தடுக்க முடியாது. இப்ப என் முறை."

நெல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். கொடுக்காமல் என்ன செய்ய?

பத்து நிமிஷ வழியை விட்டு, பஜாரைச் சுற்றிக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் "என் பேரன்" என்று காட்டிக்கொண்டே போனார். குடையோடு பின்னால் நடந்த எனக்கு வயிறு எரிந்தது.