பச்சமுத்துவின் எழவு லீவு

“எட்டு முப்பத்தொண்ணு ஆச்சுங்க. எடுங்க.”

டிரைவர் காளிதாஸ், முப்பதுதான் ஆகிறது என்று தன் கைபேசியைத் தூக்கிக் காட்டுகிறார். பச்சமுத்து அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. பேருந்தின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு அடுத்த வண்டியிடம் போய்விடுகிறார். ராசிபுரம் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டிகள் நிற்கும் இடத்தில் காலைதோறும் இந்தச் சண்டை உண்டு. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ராசிபுரத்தில் ஓர் அலுவலகத்துக்கு வந்துபோகிற நான் ஆறு வருடமாக இதைப் பார்க்கிறேன். காளிதாஸ் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

பச்சமுத்துவுக்கு வயது அறுபத்தேழு. அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது தனியார் பஸ் கம்பெனி ஒன்றுக்கு டைம் கீப்பர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாமல் போனால் இன்னொன்றுக்கு. டீயை மூன்றே மடக்கில் முடிப்பார். மழையைப் பற்றிப் பேசினால்கூட, “நாலு பத்துக்குப் புடிச்சதுங்க, அஞ்சே காலுக்கு உட்டுச்சு” என்பார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பிறகு எதற்கு இந்த வெயிலில் நிற்கிறீர்கள் என்று கேட்டால், “ஊட்டுல உக்காந்தா மணியே நகர மாட்டேங்குதுங்க” என்பதுதான் பதில்.

அவரிடம் ஒரு விசேஷம், உறவில் சாவு அதிகம். அதிலும் மழைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காலையில் முதலாளி அறிவுச்செல்விக்கு போன் போகும். “அம்மிணி, ஆத்தூருல எனக்கு மாமன் மொறை ஆவற ஒருத்தரு தவறிட்டாருங்க. அஞ்சு நாப்பத்திரெண்டுக்கு உசுரு போயிருச்சு. எழவுக்குப் போயிட்டு நாளைக்கு வாரனுங்க.” சாவுக்கும் நிமிடம் சொல்கிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? மறுநாள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், குரல் கம்மி வந்து நிற்பார். அழுதே இப்படி ஆகிவிட்டார் என்று நாங்கள் உருகிப்போவோம். இப்படி நாலு வருடத்தில் ஏழு பேரை வழியனுப்பிவைத்தார்.

எட்டாவதாகப் போனவர் மைத்துனர் செங்கோடன். போன ஐப்பசியில், காலை ஆறு பதினேழுக்கு. மனைவியின் கூடப் பிறந்த தம்பி என்பதால் ஐந்து நாள் லீவு கேட்டார் பச்சமுத்து. கேட்டதில் தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் சாவு என்றால் கூட வேலை பார்க்கிறவர்கள் மாலையோடு போய் நின்றாக வேண்டும். போகாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இதெல்லாம் தெரிந்தவர்தான் பச்சமுத்து. அன்றைக்கு எப்படியோ மறந்துவிட்டார்.

பத்தரை மணி டிரிப் முடிந்ததும் காளிதாஸ் ஸ்பேர் வண்டியை எடுத்தார். ஆளுயரத்துக்கு ஒரு சம்பங்கி மாலை. டிரைவர், கண்டக்டர் என்று எட்டுப் பேர். அறிவுச்செல்வியும் நாமக்கல்லிலிருந்து வந்து எங்களோடு ஏறிக்கொண்டார். நான் அலுவலகத்துக்கு போன் போட்டுத் தலைவலி என்று ஒரு பொய்யைச் சொன்னேன். ரெஸ்ட் எடுங்க சார் என்று உடனே லீவு கிடைத்தது.

செங்கோடனின் ஊரான வெண்ணந்தூரில் கொட்டுச் சத்தம் கேட்கவில்லை. பந்தலையும் காணோம். விசாரித்துப் போன தெருவில் ஒருவர் தன் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். செங்கோடன் வீடு எது என்று காளிதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நாந்தானுங்க செங்கோடன். என்னங்க, மாலையெல்லாம் கொண்டாந்திருக்கறீங்க?”

காளிதாஸ் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவ்வளவு பெரிய மாலைக்கு அவர் முதுகு போதவில்லை. வேறு வழி தெரியாமல், பச்சமுத்து இருக்கிறாரா என்று கேட்டுவைத்தோம். உள்ளேதான் படுத்திருக்கிறார் என்று செங்கோடன் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு போர்வைக்குள் கிடந்தார் பச்சமுத்து. மூன்று நாளாகக் காய்ச்சலோடுதான் வேலைக்கு வந்திருக்கிறார். நெஞ்செல்லாம் சளி, ஐந்து நாள் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மைத்துனர் இங்கே கொண்டுவந்துவிட்டார். செங்கோடனின் மனைவி பாவாயி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

பச்சமுத்து எழுந்து உட்கார்ந்தார். மாலையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் அறிவுச்செல்வியைப் பார்த்துக் கை கூப்பியதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“ரிட்டேர் ஆனவனுக்கு லீவு ஏதுங்க அம்மிணி? நிப்பாட்டறதுதான். முடியலைன்னு ஒருக்கா சொன்னாப் போதும், வயசாயிருச்சு, ஊட்டுல இருங்கன்னு நல்ல மொறையாத்தான் சொல்லுவாங்க. எனக்கு முந்தி இருந்தவருக்கு சால்வை போத்தி அனுப்புனாங்கல்ல. அதானுங்க, எழவுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு...”

காலையில் நான் சொன்ன தலைவலி ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரன் தலைவலி என்றால் அது தலைவலி. அறுபத்தேழு வயதுக்காரர் சொன்னால் அது வயது. பொய் சொன்ன எனக்கு லீவு, நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தவர் அதற்காக ஒரு மச்சானைக் கொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவுச்செல்வி கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அந்தச் சால்வையப் போத்துனது நாந்தானுங்க பெரியப்பா. நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டேன். அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. உங்க எடத்துல வேற ஆளு போட மாட்டேன். நீங்க வர்ற வரைக்கும் நம்ம கண்டக்டரு நந்தகுமாரு பாத்துக்குவாரு. இனிமேலு காச்சல்னா காச்சல்னே சொல்லுங்க, யாரையும் சாகடிக்க வேண்டாமுங்க.”

அதை முதலில் சொல்லுங்கள் என்றார் செங்கோடன். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தோம். பாவாயி எங்கள் எல்லாருக்கும் டீ போட்டுக்கொடுத்தார். சாவுக்கு வாங்கிய மாலையை உயிரோடு இருப்பவர் வீட்டிலும் வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. திரும்பும் வழியில் ஏரியில் விட்டுவிட்டு வந்தோம்.

ஏழாம் நாள் பச்சமுத்து வேலைக்கு வந்தார். கண்டக்டர் நந்தகுமார் ஒரு கேள்வியும் கேட்காமல் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். பச்சமுத்து நின்றபடியே ஆறு நாள் பக்கங்களையும் புரட்டி, ஓரிடத்தில் இரண்டு நிமிடத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அன்று முழுக்கப் போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் “நல்லாயிருக்கோணும் சாமி, எல்லாரும் நல்லாயிருக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன் இடம் தனக்காகக் காத்திருந்தது என்பதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று இருந்தது எனக்கு. அந்தக் கம்பெனிக்கும் நந்தகுமாருக்கும் நானே நன்றி சொல்லத் தோன்றியது, கூச்சத்தில் சொல்லவில்லை.

ஆனால் வாக்குக் கொடுத்த உடனே பயம் போய்விடுமா? மாசியில் ஒரு வாரம் இருமிக்கொண்டே நின்றார். கேட்டால் தூசி என்றார். சித்திரையில் முழங்கால் வீங்கி நொண்டினார். செருப்பு கடித்துவிட்டது என்று செருப்பின்மேல் பழியைப் போட்டார். நல்லவேளையாக யாரும் சாகவில்லை.

போன வியாழக்கிழமை ராசிபுரத்தில் நான் இறங்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது. பேருந்தைத் திருப்பி நிறுத்திவிட்டு, இன்றைக்கு என்ன சண்டை என்கிற பாவனையில் காளிதாஸ் ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். பச்சமுத்து மெல்ல நடந்து அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மறுபடியும் திறந்தார்.

“எனக்குக் காச்சலுங்க.”

சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, காளிதாஸின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார்.