தை முதல் நாள் குளிரும் ஆனந்தவல்லியின் மாவும்

புனே எரவாடாவில் எங்கள் சந்துக்குள் வந்து மாவுக்காரம்மா வீடு எது என்று கேட்டால் இரண்டு வீட்டைக் காட்டுவார்கள். ஒன்று என் வீடு. மூன்று கிரைண்டர், ஆள் உயர ஃப்ரிட்ஜ், வாசலில் தமிழிலும் மராத்தியிலும் 'பவுன் இட்லி மாவு' என்று போர்டு. நான் படித்தது நாலாவதுதான். இதில் ஒரு ஆணிகூட அடுத்தவர் காசில் வாங்கியது இல்லை. இன்னொன்று எதிர்வீடு. ஒரு கிரைண்டர், இரண்டு அண்டா, போர்டு கிடையாது. அது ஆனந்தவல்லி வீடு.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. இங்கேயுள்ள தமிழ்ச் சங்கத்து மலரில் எங்கள் பகுதி மனிதர்கள் என்று பக்கம் ஒதுக்கி, ஆனந்தவல்லியைப் பற்றி யார் எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். பவுனைப் பற்றி யார் எழுதுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து அவளை இத்தனை வருஷம் பார்த்தவள் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். குறைத்தும் எழுதமாட்டேன், கூட்டியும் எழுதமாட்டேன்.

இரண்டு பேருக்கும் ஆரணிப் பக்கம்தான். நான் அவளைவிட மூத்தவள். அவள் புருஷன் ராம்பிரசாத், கிர்க்கியில் மிலிட்டரி ஆபீசர்கள் மெஸ்ஸில் சமையல்காரர். என் வீட்டுக்காரர் கோவிந்தராஜுக்கு ஆகுர்டியில் கம்பெனி வேலை. சம்பளத்தில் நாங்கள்தான் ஒரு படி மேல். மாவு அரைத்து விற்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். நான் ஆரம்பித்து ஆறு மாசத்தில் அவளும் கிரைண்டர் வாங்கினாள். கேட்டதற்கு, "உங்களப் பாத்துதான்க்கா" என்று சிரித்தாள்.

அவளிடம் சாமர்த்தியம் கிடையாது. பாக்கி கேட்கத் தெரியாது, விலை ஏற்றத் தெரியாது. ஆனால் மராத்தி மட்டும் இங்கேயே பிறந்தவள் மாதிரி வரும். என் வாசலில் மாவு வாங்கியவர்கள் நிற்க மாட்டார்கள். அவள் வாசலில் வாங்காதவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். ராம்பிரசாத் செத்த பிறகாவது வாசல் காலியாகும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு பேர் அதிகமாகத்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

மாவுத் தொழிலுக்குப் புனே குளிர்காலம் ஒரு பரீட்சை. நம் ஊரில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் தானாகப் பொங்கி நிற்கும். இங்கே டிசம்பர், ஜனவரியில் அப்படியே கிடக்கும். வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், வெந்தயம் கூட்ட வேண்டும், பாத்திரத்தைக் கம்பளியோ, பழம்புடவையில் தைத்த கோதடியோ சுற்றி வைக்க வேண்டும். அப்படியும் சில நாள் ஏமாற்றிவிடும். இந்தப் பரீட்சையில் நான் எல்லோரையும் தோற்கடித்த நாள் ஒன்று உண்டு. பல வருஷத்துக்கு முந்தைய ஒரு பொங்கல். அந்தக் குளிரில் எங்கள் பகுதியில் ஒருத்தி வீட்டு மாவும் எழும்பவில்லை. என் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. வல்லியிடம் சொல்லி வைத்திருந்தவர்களெல்லாம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு ஓடி வந்தார்கள். இரண்டாவது கிரைண்டர் அந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்தது.

போன மாசம் பானேரிலிருந்து தீப்தி என்று ஒரு பெண் வந்தாள். ஐடி கம்பெனியில் பெரிய வேலை. அவர்கள் அடுக்குமாடியில் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் வைக்கிறார்கள், எல்லோருக்கும் காலை இட்லி. அந்த இடத்தில் ஒரு முறை கால் வைத்துவிட்டால் வருஷம் முழுக்க பானேர் என் கையில். எனக்கு அது வேண்டும். வல்லிக்குப் போய்விடக் கூடாது, அது அதைவிட வேண்டும்.

"லாஸ்ட் இயர் இட்லி ரொம்ப ஹார்டு ஆன்ட்டி. மராத்தி நெய்பர்ஸ் எல்லாம் சிரிச்சாங்க. குளிர்ல மாவு வரலைன்னு கேட்டரர் சொன்னார். இந்த வாட்டி குளிர்ல யார் பண்ணுவாங்களோ அவங்களுக்குத்தான் ஆர்டர்" என்றாள். சொல்லிக்கொண்டே கைபேசியைத் திறந்தாள். ஜனவரி பதினாலாம் தேதி, புனேயில் வருஷா வருஷம் எவ்வளவு குளிர் அடித்தது என்று அந்த ஒரு நாளுக்கு மட்டும் வரிசையாக எடுத்து வைத்திருந்தாள்.

நான் விடுவேனா? அந்தப் பொங்கல் கதையை எடுத்துவிட்டேன். சந்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எதிரில் வல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில கைய வெச்சா வெரலு மரத்துப் போச்சி பாப்பா. இந்த ஏரியாவுல யாரு மாவும் எழும்பல. எம் மாவு மட்டும்தான். வேணும்னா இவளையே கேளு."

"எந்த வருஷம் ஆன்ட்டி?"

சொன்னேன். அவள் விரலால் தள்ளிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"அந்த வருஷம் ஃபோர்டீன்த் தேர்ட்டீன் டிகிரி. குளிரே இல்லையே ஆன்ட்டி?"

"பொங்கல் அன்னிக்குப் பாரு."

"பொங்கல்னா ஃபோர்டீன்த்தானே?"

"பதினாலுதான், வேற இன்னா தேதி? உங்க போனு தப்பு."

பக்கத்து வீட்டு மராத்திக்காரி, "காய் மாவ்ஷி, தேரா டிகிரி?" என்று முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பதிமூன்று டிகிரிக்கா உனக்கு விரல் மரத்தது என்று கேலி. கூட நின்றவர்களும் சிரித்தார்கள். தீப்தி சிரிக்கவில்லை. பெரியவள் பொய் சொல்லிவிட்டாளே என்று கைபேசியைப் பையில் போடப்போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நாலாவது படித்தவள், ஆனால் பொய் சொல்லி ஒரு கரண்டி மாவு விற்றதில்லை.

வல்லி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா சொல்றது நெசந்தான் பாப்பா. அந்த வருஷம் பொங்கல் பதினஞ்சு."

"பொங்கல் ஃபிஃப்டீன்த்ல வருமா?"

"சில வருஷம் வரும். பதினஞ்சுன்னா மிலிட்டரியில ஆர்மி டே. மெஸ்ஸுல படா கானா, பெரிய சாப்பாடு. எப்பவும் எங்க வூட்ல பதினாலு பொங்க வெச்சி சாப்ட்டு, அப்புறம் அவரு அந்த வேலைக்குப் போவாரு. அந்த வருஷம் ரெண்டும் ஒண்ணா வந்துடிச்சி. பான பொங்கறப்ப அவரு வூட்ல இல்ல. அடுத்த பொங்கலுக்கு ஆளே இல்ல. எனக்குத் தேதி மறக்குமா?"

தீப்தி மறுபடி விரலைத் தள்ளினாள். "ஃபிஃப்டீன்த்… செவன். ஏழு டிகிரி! முந்தின நாள் கிளவுட் இருந்திருக்கு, ராத்திரி கிளியர் ஆகி அப்படியே இறங்கியிருக்கு. ஸாரி ஆன்ட்டி."

நான் மராத்திக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்க மாவு?" என்று தீப்தி வல்லியைக் கேட்டாள்.

"அத ஏன் கேக்கற. கஞ்சி மாதிரி கெடந்துச்சி. மொத நாள் சாயங்காலமே சைக்கிள எடுத்துக்கினு கெளம்பிட்டாரு, மேல ஒரு ஸ்வெட்டர் கூட இல்ல. அண்டாவுல சுத்தியிருந்த கம்பளிய உருவி அவரு மேல போத்தி அனுப்பிட்டேன். மாவு போனா போவுது, மறுநாள் அரைச்சிக்கலாம்னு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது.

இத்தனை வருஷமாக அவளைத் தோற்கடித்த நாள் என்று அந்தப் பொங்கலைத் தூக்கி வைத்திருந்தேன். அவளோ பரீட்சைக்கே உட்காரவில்லை. என் மாவு என் கைப்பக்குவத்தில் எழும்பியது, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆர்டர் இருந்த ராத்திரி, மாவுப் பாத்திரத்துக் கம்பளியை நான் என் வீட்டுக்காரருக்காக உருவியிருப்பேனா? மாட்டேன். அவரும் கேட்டிருக்க மாட்டார். முப்பது வருஷம் விடிவதற்கு முன்னால் ஆகுர்டிக்குக் கம்பெனி பஸ் ஏறினார், என்ன போட்டுக்கொண்டு போனார் என்று நான் பார்த்தது கிடையாது. இப்போதும் உள்ளே டிவி முன்னால்தான் இருக்கிறார். செத்துப்போன புருஷனைப் பற்றிச் சொல்ல அவளிடம் இவ்வளவு இருக்கிறது. உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தீப்தி என்னிடம் வந்து, "ஆர்டர் உங்களுக்குத்தான் பவுன் ஆன்ட்டி" என்றாள். டீ போடுகிறேன் என்று உள்ளே போனேன். டம்ளரோடு திரும்பினால் அவள் எதிர்வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்புறம் அங்கிள் என்ன சொன்னாங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வல்லி அம்மா, நான் ஆன்ட்டி. டீயை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் போன பிறகு வல்லியிடம் கேட்டேன். "ஏன்டி சொன்ன? வாய மூடிக்கினு இருந்தா ஆர்டர் உனக்கு வந்திருக்கும். பெரிய அரிச்சந்திரன் பேத்தி!"

"உங்களுக்காகச் சொல்லலக்கா" என்றாள் முறத்தைப் பார்த்தபடி. "அந்தத் தேதிய யாராவது மாத்திச் சொன்னா எனக்குப் பொறுக்காது."

எனக்காகச் செய்தாள் என்றால் நாளைக்கு ஏதாவது செய்து கணக்கைத் தீர்த்துவிடலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

பொங்கலன்று பானேரில் என் இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை, சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். அடுத்த மாசத்துக்கும் ஆர்டர் கொடுத்தார்கள். தீப்தி தட்டோடு வந்து, "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆனந்தவல்லிம்மா வரலையா?" என்றாள்.

"அவளுக்கு வேல இருக்கு" என்றேன். நான் கூப்பிடவே இல்லை.

கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய இட்லியும் சட்னியும் கட்டி, வல்லியிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தாள் தீப்தி. என் மாவு, என் இட்லி, என் சட்னி. கொடுக்காமல் இருக்கவும் முடியாது, தீப்தி போன் போட்டுக் கேட்பாள்.

வல்லி வாசலில் வழக்கம்போல நாலு பேர். "பானேர்லேந்து உனக்கு" என்று டப்பாவை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து, ஜன்னல் பக்கம் நின்றேன். அவள் ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். மீதியை மராத்திக்காரிக்கு நீட்டினாள். மென்றுகொண்டே மராத்தியில் ஏதோ சொன்னாள், நாலு பேரும் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் போய்க் கேட்கப்போவதும் இல்லை.