படலை திறக்காத வேட்பாளர்

உடுப்பிட்டியில் சிவரூபனின் வாய்க்குத் தப்பினவர்கள் யாரும் இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போதும் பக்கத்துத் தோட்டக்காரனை மறித்து வைத்து அரசியல் பேசுவார். அப்படிப்பட்டவர் பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மழை பெய்தால் அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும். அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டுவிக்க வேண்டும். ஊர் தன்னை 'மெம்பர்' என்று கூப்பிடவும் வேண்டும். இரண்டில் எது பெரிய ஆசை என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள், மனுசன் பொய் சொல்ல வேண்டி வரும்.

"வீடுவீடாய்ப் போய்ச் சொல்லுங்கோப்பா," என்றார் மனைவி உதயகலா.

"உனக்கென்ன விசரே? இந்தக் காலத்திலை ஆர் படலை படலையாய்த் தட்டித் திரியிறது? எல்லாம் ஃபோனுக்கை முடிஞ்சுது."

சொன்னபடியே பின்னேரம் தோறும் முகநூலில் நேரலை. ரொறன்ரோவிலிருந்து இதயங்கள் பறந்து வந்தன. "அண்ணை, நீங்கள்தான் வெல்லுவியள்!" என்று லண்டன் எழுதியது. பாவம், லண்டனுக்கு உடுப்பிட்டியில் வாக்கில்லை. அது இவருக்கு உறைக்கவேயில்லை. எதிராளி கோபிசங்கரோ பழைய சைக்கிளில் வீடுவீடாகப் போய், கொடுத்த தேத்தண்ணியை எல்லாம் குடித்து வயிறு ஊதித் திரிந்தார்.

முடிவு வந்தது. சிவரூபன் மண்ணைக் கவ்வினார்.

கொதித்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனார். அங்கே அவருடைய சொந்தத் தமையன் இராசநாயகம் மாட்டுக்குப் புல்லுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கூடப் பிறந்த நீங்களும் எனக்கு வாக்குப் போடேல்லையாம். உண்மையே அண்ணை?"

"ஓம். கலியாணவீடெண்டாலும் வீட்டை வந்து சொன்னால்தானே வருவம்? நீ ஃபோனிலை ஊருக்கெல்லாம் பொதுவாய்ச் சொன்னாய். என்னட்டை வந்து சொன்னனியே? கோபிசங்கர் ரெண்டுதரம் வந்து சொன்னவன்."

சிவரூபன் வந்த வழியே திரும்பினார். திரும்பாமல் பின்னே? மச்சான் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அழைப்பிதழை வைபரில் அனுப்பினான் என்பதற்காக, அந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் விட்டவர் இவர்தானே!

வீட்டுக்கு வந்து கதிரையில் தொப்பென்று விழுந்தார்.

"பாத்தியே, உதயா? அண்ணையே போடேல்லை. இந்த ஊரிலை எனக்கெண்டு மனசார விழுந்த வாக்கு உன்ரை ஒண்டுதான்."

உதயகலா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு ஆர் வந்து சொன்னது?" என்றார்.