உருளைக்கிழங்கைக் குளிப்பாட்டிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சமையலறையிலிருந்து போட்ட கூச்சலில், நான் கேஸ் சிலிண்டரில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்திரண்டு வயதும் அதற்கேற்ற தொப்பையும் உள்ளவன் ஓட வேண்டிய வேகம் இல்லை அது. தீ, பல்லி, கேஸ் கசிவு என்று மூன்றையும் ஒன்றாக எதிர்பார்த்துக்கொண்டு போனால், அவள் ஒரு பாத்திரத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“அப்பா, உருளைக்கிழங்கு கருப்பாவுது!”

துருவி வைத்த உருளைக்கிழங்கு. பத்து நிமிடத்துக்கு முன் மல்லிகைப்பூ மாதிரி இருந்தது, இப்போது எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. லித்துவேனியா என்கிற நாட்டில் வீட்டுக்கு வீடு சுடும் உருளைக்கிழங்கு அடையை ஃபோனில் பார்த்துச் செய்யக் கிளம்பியிருந்தாள். அந்த நாட்டின் பெயரை அவளுக்குச் சொன்னவன் நான். எனக்குக் காட்டியவர் வேறொருவர்.

“கருக்கட்டும், விடு” என்றேன், பெரிய நிபுணனைப் போல. இதே நிறத்தைப் பார்த்து நான் ஒருகாலத்தில் எப்படி ஆடினேன் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், கடலுக்கு மூன்று சந்து இந்தப் பக்கம் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. நைனா முதலில் மீன்பிடிக்கப் போனவர். அப்புறம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய் ஏற்றும் படகில் சேர்ந்தார். அந்த வருடம் வெளியே கடலில் ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டபடி நான்கு மாதமாக நின்றுகொண்டிருந்தது. கப்பலின் முதலாளி எங்கேயோ காணாமல் போய்விட்டாராம். வழக்கு முடியும்வரை கப்பலும் நகரக் கூடாது, அதில் இருந்த பதினோரு பேரும் ஊர் போகக் கூடாது. அந்தப் பதினோரு பேரில் ஒருவரோடு நைனாவுக்கு சிநேகம் ஆகிவிட்டது. எந்த பாஷையில் ஆனது என்று கேட்காதீர்கள். பீடியில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

“மத்த பத்து பேரும் பத்து ஊர்க்காரன். அவன் பாஷை பேச அவன் ஒருத்தன்தான் கீறான்” என்று ஒருநாள் சாப்பிடும்போது நைனா அம்மாவிடம் சொன்னார். “சோறு வெச்சா தொட மாட்டேன்றான். உருளைக்கெழங்க காட்டி காட்டி இன்னாவோ சொல்றான். ஒரு நாள் பாஸ் வாங்கி நம்ம வூட்டுக்கு இட்டாரட்டா?”

“இட்டா” என்றாள் அம்மா. “ஆனா என் தோசைக்கல்லத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்.”

அம்மாவின் தோசைக்கல்லில் தோசையைத் தவிர எதையும் சுட்டுவிட முடியாது. சப்பாத்தி போட்டாலே கல் கெட்டு, அடுத்த பத்து நாளைக்குத் தோசை ஒட்டும் என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார், அவ்வளவு உயரம். தெருவே வாசலில் கூடி “ரஷ்யாக்காரன்டா” என்றது. அவருக்கு அது மட்டும் புரிந்துவிட்டது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, சிமெண்ட் தரையில் ஒரு கடலை வரைந்தார். கடலோரமாகச் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, “லித்துவேனியா” என்றார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்ப்பதற்குள் வெக்கையில் அந்த நாடு காய்ந்துபோய்விட்டது.

அடுத்த வேலையாக ஒரு பால்பவுடர் டின்னின் மூடியைக் கேட்டு வாங்கினார். ஆணியும் சுத்தியலும் எடுத்து, மூடி முழுக்கத் துளை போட்டார். பின்பக்கம் முள்முள்ளாக எழும்பியதில் உருளைக்கிழங்கைத் தேய்த்தார். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு என்றால் வெட்டுவோம், வேகவைப்போம், மசிப்போம். பச்சையாகத் துருவி யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றபடி, “பாவம், பல்லு இல்லாத ஊரு போல கீது” என்றாள்.

துருவியதை ஒரு வெள்ளை வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தார். பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் பிடித்து மூலையில் வைத்தார். கிழங்கை இன்னொரு பாத்திரத்தில் வைத்தார். பிறகு முட்டையும் தயிரும் வேண்டும் என்றார். தயிரைத் தானே பார்த்துத்தான் வாங்குவாராம். நைனாவோடு கிளம்பும்போது, இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினார், பாத்திரத்தைக் காட்டினார், கிண்ணத்தைக் காட்டினார், கடைசியில் என்னைக் காட்டினார். பார்த்துக்கொள் என்று அர்த்தம். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர்கள் முனை திரும்பியிருக்க மாட்டார்கள், தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அத்தை ஓடினாள். தெருவே ஓடியது. வீட்டில் நானும் உருளைக்கிழங்கும்.

நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். கண் இமைக்காமல் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் விரலால் கொஞ்சம் எடுத்து நக்கிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அது முதலில் ரோஸ் நிறமாகி, பிறகு பழுப்பாகி, பிறகு கருக்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அன்று காலை கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு செத்த சொறிமீனை, அதாவது ஜெல்லிமீனை, நான் அதே விரலால் குத்தி விளையாடியிருந்தேன். கை கழுவினேனா என்று ஞாபகம் இல்லை. சொறிமீன் விஷம் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்குடி வயதிலேயே தெரியும். ஆகவே கணக்கு நேராக இருந்தது. என் விரலிலிருந்த விஷம் கிழங்கில் இறங்கிவிட்டது. வெள்ளைக்காரர் இதைச் சாப்பிடுவார். சாவார். போலீஸ் வரும். நைனாவைப் பிடித்துக்கொண்டு போகும். அந்தக் குட்டிப் புள்ளி நாட்டிலிருந்து நம் நாட்டின் மேல் படை வரும். எங்கள் சந்தில் டாங்கி நுழையாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கிழங்கு கருத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா தினமும் செய்து நான் பார்த்திருக்கிறேன். வெட்டின துண்டுகளைத் தண்ணீரில் போடுவாள்; கருக்காது. எனவே மீதியிருந்த ஒரே குடத்துக் குடிதண்ணீரையும் சாய்த்து, அரிசி களைவதுபோல அந்தத் துருவலை மூன்று தரம் களைந்தேன். வெள்ளைத் தண்ணீர் ஓடியது. விஷம் என்று நினைத்தேன். மூலையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். மேலே கலங்கிய பழுப்புத் தண்ணீர். அதுவும் விஷம். அடியில் கெட்டியாக ஏதோ சுண்ணாம்புபோல ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்விட்டுச் சுரண்டி, அதையும் ஜலதாரையில் ஊற்றிக் கழுவிவிட்டேன். கடைசியில் பாத்திரத்தில் இருந்தது மாவும் இல்லை, கிழங்கும் இல்லை. பஞ்சுமிட்டாய்க்கு ஜுரம் வந்ததுபோல வெளுத்த ஒன்று.

இடுப்பில் குடத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

“அடப் பாவி, இன்னாடா பண்ண?”

“கருப்பாயிட்ச்சும்மா. குளிப்பாட்டிட்டேன்.”

“எருமை! விருந்தாளி வந்துகினு கீறப்போ கலீஜ் பண்ணி வெச்சிக்கீறியே! நாலு மாசமா அந்த மனுசன் இத்தத்தானேடா கேட்டுகினு இருந்தாரு!”

எனக்கு அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து இரண்டு கை அரிசி மாவை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். “வாயத் தொறந்த, கொன்னுடுவேன்” என்றாள். குற்றத்தில் கூட்டாளி கிடைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வந்தார். பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். மூலையில் கிண்ணத்தைத் தேடினார். கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஜலதாரை வாயில், சிமெண்டின் மேல், காய்ந்த கோலம்போல ஒரு வெள்ளைக் கோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா குடத்தைப் பார்த்தாள். நைனா மட்டும், “தோஸ்து, இன்னா லேட்டு? ஆரம்பி!” என்று சந்தோஷமாக இருந்தார்.

அவர் முட்டையை உடைத்து ஊற்றினார்.

தோசைக்கல்லை அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். எங்கள் குற்றத்துக்கு அவள் கட்டிய அபராதம் அது என்று நினைக்கிறேன். அடை கல்லில் விழுந்தது, வெந்தது, திருப்பும்போது பிய்ந்தது. ஒன்று முழுசாக வந்தால் இரண்டு தூள். முழுசாக வந்ததையெல்லாம் எங்கள் தட்டில் போட்டார். தூளையெல்லாம் தன் தட்டில் குவித்துக்கொண்டார். அதன்மேல் எருமைத் தயிரை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நைனா தன் அடையின்மேல் நேற்றைய மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு, “சூப்பரா கீது!” என்றார். வெள்ளைக்காரரும் அதைத் தொட்டுப் பார்த்தார். காது இரண்டும் சிவந்தது. இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர் எப்போது சாவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாகவில்லை. ஆறு மணிக்குள் துறைமுக வாசலில் இருக்க வேண்டும் என்று கிளம்பினார். நைனா ஒரு மீன்பாடி வண்டி இரவல் வாங்கினார். முன்னால் பலகையில் அவரும் நானும் காலைத் தொங்கப்போட்டு உட்கார, பின்னாலிருந்து நைனா மிதித்தார். துறைமுகத்துக்குப் போகிற ரயில் பாதையில் கூட்ஸ் வண்டிக்காக கேட் போட்டிருந்தார்கள். நைனா இறங்கி பீடி பற்றவைக்கப் போனார்.

இதைவிட்டால் நேரம் கிடைக்காது. எனக்குள் கொதித்துக்கொண்டிருந்ததைக் கொட்டினேன்.

“அங்கிள், நான்தான் கெழங்க கழுவிட்டேன். சொறிமீனத் தொட்ட கை. மேலுக்கு எதுனா பண்ணுச்சுன்னா டாக்டராண்ட போயிடு. நைனா கைல மட்டும் சொல்லாத.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கூட்ஸ் வண்டி வந்தது. அந்தத் தடதடப்புக்கு நடுவே அவர் பேச ஆரம்பித்தார்.

காலையிலிருந்து ஒற்றை ஒற்றை வார்த்தையாக இருந்த மனிதர், இப்போது நிறுத்தாமல் பேசினார். திட்டுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கதை கேட்டாலும் திட்டு வாங்கினாலும் நடுநடுவே ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் காது செவிடா என்று கூடுதலாக ஒன்று விழும். அதனால் பயந்துபோய் ‘ம்’ கொட்டினேன். கையைத் தரையிலிருந்து என் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். இந்த உயரத்துப் பையன்களை உரித்துவிடுவேன் என்கிறார், ம். உள்ளங்கையை அடை திருப்புவதுபோலத் திருப்பினார். இப்படித்தான் புரட்டி எடுப்பேன் என்கிறார், ம். நடுவில் ஒருதடவை சிரித்தார். ஒருதடவை குரல் உடைந்து நின்றது. அவ்வளவு கோபம். நான் பயத்தில் வாயை மூடிக்கொண்டபோது, அவரும் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். ‘ம்’ என்றேன். உடனே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கேட் திறந்தது. நைனா வந்தார். வெள்ளைக்காரரின் பேச்சு நின்றது. துறைமுக வாசலில் இறங்கி என் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார். ஒன்றிரண்டு மாதத்தில் அவர்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நைனா சொன்னார். வீட்டில் பத்து நாளைக்குத் தோசை ஒட்டியது.

ஒரு கூட்ஸ் வண்டி நீளத்துக்கு வெள்ளைக்காரனிடம் திட்டு வாங்கியவன் என்று தெருவில் எனக்கு ரொம்ப நாள் மரியாதை இருந்தது. நானும் அதை உண்மை என்றே நம்பியிருந்தேன். போன ஞாயிறு மகள், துருவலைப் பிழிந்து பிடித்த கிண்ணத்தைச் சாய்த்துப் பழுப்புத் தண்ணீரை வடித்து, அடியில் படிந்த வெள்ளை மாவைக் கிழங்கோடு சேர்த்துப் பிசைந்தபோது, அன்று நான் ஜலதாரையில் கழுவிவிட்டது எது என்று தெரிந்தது. அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

கல் காய்வதற்குள் கதை முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அடை பிய்யாமல் வந்தது. முதல் அடையை என் தட்டில் போட்டுவிட்டு மகள் கேட்டாள்: “அவரு அன்னிக்கு இன்னாதான்ப்பா சொன்னாரு?”

அவர் பாஷை பேச அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான் என்று நைனா சொன்னது என் காதில் விழுந்துதான் இருந்தது. நான்கு மாதமாக ‘ம்’ கொட்ட ஆளில்லாதவர் அவர் என்று சேர்த்துப் பார்க்க ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. திட்டு எப்போது முடியும் என்று ‘ம்’ கொட்டிக்கொண்டே நான் கூட்ஸ் பெட்டிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று. இன்னும் ஒரு இருபது பெட்டி கோத்து அனுப்பியிருந்தால் ரயில்வேக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?