மாதனூரை எடுத்துவிட்டேன்

எண்பதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் இருந்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் சாயம் ஏற்றும் பெரிய மர ட்ரம்களுக்கு கன்ட்ரோல் பெட்டி செய்வோம். ட்ரம் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற எண்களெல்லாம் பெட்டிக்குள் ஒரு சிப்பில் இருக்கும். புரோகிராம் எழுதியவர் என் சீனியர்.

அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் புரோகிராமில் ஒரு பெயர் உண்டு. சீனியர் பஸ் நிறுத்தங்களின் பெயரை வைத்திருந்தார். விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, மாதனூர். எது எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் இல்லாமல் பட்டறை நடக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஒருநாள் அவர் வரவில்லை. ஒரு ஷாப்பில் ட்ரம் இன்னும் ஜாஸ்தி சுற்ற வேண்டும் என்றார்கள். நான் மூளையை உபயோகித்தேன். என் கஷ்டங்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். வேலூரில் பஸ் ஏறினால் முதலில் விரிஞ்சிபுரம். ட்ரம்மும் முதலில் சுற்றும், அப்புறம்தான் நிற்கும். ஆகவே விரிஞ்சிபுரம்தான் சுற்றும் நேரம். அந்த எண்ணைக் கூட்டினேன். ட்ரம் பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்தது. தோலெல்லாம் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது.

மறுநாள் ஷாப்பில் எல்லோர் முன்னாலும் சீனியர் சிரித்தார்.

"தம்பி வேலூர்ல ஏறிட்டாரு மொதலாளி! நான் ஆம்பூர்க்காரன்பா. என் பஸ்ஸு ஆம்பூர்லேர்ந்துதான் கெளம்பும். மாதனூர்தான் ஃபர்ஸ்ட்டு!"

ஷாப் மேஸ்திரியும் சிரித்தார். எங்கள் முதலாளி சிரிக்கவில்லை.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுனா நீ வேற எடம் பாத்துக்கோ."

அடுத்த மாதம் சீனியரின் மச்சினிக்குக் கல்யாணம். அவர் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது நான் புரோகிராம் முழுக்கப் பெயர்களை மாற்றினேன். மாதனூர், 'சுத்து' ஆனது. விரிஞ்சிபுரம், 'நில்லு'. பள்ளிகொண்டா, 'மணி', சுற்றி முடிந்ததும் மணி அடிப்பதற்கு. எண்களில் கை வைக்கவில்லை. பழைய சிப்பையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பெயர்கள் சிப்புக்குள் போவதில்லை, எண்கள்தான் போகும்; ஒரு பைட் கூட வித்தியாசமில்லை. பழி வாங்குகிறவன் சுத்தமாக வாங்க வேண்டும்.

சீனியர் கையில் மருதாணியோடு திரும்பி வந்தார். முதலாளி பின்னால் நிற்க, புரோகிராமைத் திறந்தார். மேலே போனார், கீழே வந்தார்.

"மாதனூர் எங்கடா?"

"பஸ் இப்ப அங்கெல்லாம் நிக்கறதில்லண்ணே. எக்ஸ்பிரஸ் வுட்டுட்டேன்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "சுத்து... நில்லு... இன்னாப்பா, எனக்கே புரியுதே! இத்தினி வருசமா இதுக்கா இவன் ஊட்டு வாசல்ல போய் நின்னேன்?"

எனக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது.

"இனிமே எந்தப் பேரு வெச்சாலும் தம்பிகிட்ட காட்டிட்டு வை" என்றார் முதலாளி.

மறுநாளே சீனியர் புதுப் பெயர்கள் எழுதிய ஒரு பேப்பரோடு என் மேஜைக்கு வந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. ஆறிப்போன டீயை ஒரு மனிதனால் அவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.