கம்ப்யூட்டர் நின்றால் மெமோ யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறக்கி வைக்க இந்தப் பத்தியை விட்டால் எனக்கு வேறு இடம் ஏது?

செம்பூரில், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில் நான் ஹெட் கிளார்க். அங்குள்ள எங்கள் கிளைகளுக்குச் செய்தி அனுப்பவும் வாங்கவும் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. ஆறு வருஷமாக அதைக் கட்டி மேய்ப்பவர் திலக் நகர் சரோஜா.

காலை பத்தரைக்குத் திரை உறைந்துவிட்டது. தெரிந்த எந்த விசையைத் தட்டினாலும்... ம்ஹும்.

எதிர் பெஞ்சில் தாராவி கரீம் பாய். தோல் பை தைப்பவர். எங்கள் கம்பெனி மஸ்கட்டுக்கு அனுப்பிய அவர் தம்பிக்கு அன்று மதியம் அங்கே ஆபரேஷன். ஆஸ்பத்திரி எதைக் கேட்டாலும் எங்கள் கிளை வழியாகத்தான் கேட்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி உசுரு அந்தப் பொட்டிக்குள்ள கெடக்கு சார்.”

மராத்திக்காரரான மானேஜர் வந்தார். பெட்டியை அணைத்துப் போடு என்று இந்தியில் அதட்டினார். சரோஜா மறுத்தார். என் பக்கம் திரும்பி, “ஆஃப் பண்ணா உள்ள வந்து நிக்கற மெசேஜ் எல்லாம் அழிஞ்சுடும் சார். நான் பண்ண மாட்டேன்” என்றார்.

உடனே அவருக்கு மெமோ. இயந்திரத்தை அஜாக்கிரதையாகக் கையாண்டாராம், மேலதிகாரியை எதிர்த்தாராம். அதை டைப் அடித்தது யார்? நான்தான். வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

சர்வீஸ் இன்ஜினியர் நாளைக்கு வருவதாக போனில் சொன்னார். சரோஜா கேபிளைப் பார்த்தார், லைனைப் பார்த்தார். பிறகு மேனுவலை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். திரையை நிறுத்தி வைக்க ஒரு விசை உண்டாம். மறுபடி தட்டினால் ஓடுமாம். தட்டினார். ஓடியது!

பத்தரைக்கு அந்தக் கீபோர்டு மேல் தடி ஃபைலைப் போட்டுவிட்டு போன் பேசியவர் மானேஜர். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மூன்றாவது செய்தி மஸ்கட்டிலிருந்து. நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா, உடனே பதில் தேவை. கரீம் பாய், “பென்சிலின் ஆகாதும்மா, சின்னதுல ஒடம்பெல்லாம் வீங்கிப் போச்சு” என்றார். அவர் முடிப்பதற்குள் சரோஜா அடித்து அனுப்பிவிட்டார். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி பிழைத்தார்.

மானேஜர்? ஒரு ‘ஸாரி’கூட இல்லை. மெமோவை ஃபைலில் சேர்க்கச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த தைரியம், தெரியும்.

அவருக்குத் தமிழ் படிக்க வராது. வாசகர்களில் யாராவது இதை மராத்தியில் எழுதி அவர் மேஜையில் வைத்தால், என் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.